மூணாவது வளைவும் நான் குடுத்த மாத்திரையும்

யப்பா, அம்மாதான். போன்ல பேசாம எதுக்கு இம்புட்டு நீளத்துக்கு எழுத்தா அனுப்புறான்னு நெனப்ப. எனக்கு எழுத்துக் கூட்டிப் பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியும், அதுக்கு மேல எழுதவெல்லாம் வராதுன்னு ஒனக்குத் தெரியாதா? இந்தப் போன்ல மைக்குப் படத்த அமுக்கிட்டுப் பேசுனா அதுவே எழுதிக் குடுக்குது. ஒம்பொண்டாட்டி ஈஸ்வரிதான் எனக்கு இதச் சொல்லிக் குடுத்தா. ஒங்கிட்ட நேராப் பேசுனா ரெண்டாவது வார்த்தைக்கே "சரிம்மா, ஏலக்கா ஸ்டோர்ல வேல கெடக்கு, அப்பறம் பேசுறேன்"னு வச்சுருவ. இல்லாட்டி நான் அழுதுருவேன், நீ "அழுகாதம்மா"ன்னு சொல்லுவ, சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுரும். இதுன்னா நடுவுல நீ ஒண்ணும் கேக்க முடியாது. வெயில் தாழ ஆட்டுக்குட்டி ரெண்டையும் கட்டிப் போட்டுட்டு வாசப்படியில ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன். எங்கயாச்சும் தப்புத் தப்பா விழுந்திருந்தா நீயே தோதா வாசிச்சுக்க.

வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆண்டிபட்டிக்குப் போறேன்னு சொன்ன. ஈஸ்வரி வீட்டுல பேசித் தீத்துக்கிருவோம்னு சொன்ன. ஆடி முடிஞ்சு ஆவணி பெறக்கட்டும்டான்னு சொன்னதுக்குக்கூட, "தீத்து விடுறதுக்கு என்னம்மா நல்ல மாசம் கெட்ட மாசம்"னு கேட்ட. "எஸ்டேட்டுல குடும்பத்தோட இருக்கச் சொல்லி வீடு குடுத்திருக்காக, அது பூட்டிக் கெடக்கு. ரெண்டு வருசமா மலையேற மாட்டேங்குறா. வைத்தியத்துக்குப் போறேன் போறேன்னு போயும் ஒண்ணும் ஆகல. அவளுக்கு மனசு இல்லம்மா"ன்னு சொன்ன. அந்த மனசு இல்லங்குற வார்த்த ஒன் வார்த்த இல்லப்பா. அது என் வார்த்த. நாந்தான் ஒங்காதுல போட்டேன். அதச் சொல்லத்தான் ஒக்காந்திருக்கேன். ஆனா ஒரேடியாச் சொல்ல எனக்கு வராது. மொதல்ல இருந்து வர்றேன், பொறுத்துக்க.

ஈஸ்வரி பொறந்த ஊரு எப்படிப்பட்டது, தட்டு மாதிரிக் கெடக்கும். வைகை அணைக்கு ஒருதரம் பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாகளாம், அந்தப் படியில ஏறி நின்னதுதான் அவ ஏறுன ஒசரம். அந்தப் புள்ளையக் கல்யாணம் முடிஞ்ச கையோட ஜீப்புல வச்சு கம்பம்மெட்டு மலை ரோட்டுல ஏத்துனீக. எதுக்க மரத்தடி ஏத்துன லாரி வர, ஜீப்புக்காரன் வளைவுல நிப்பாட்டி, பிரேக்க விட்டுப் பின்னாடி கொஞ்சம் உருள விட்டுட்டான். ஓரத்துல ஒக்காந்திருந்தவ அவதான். கீழ பாத்திருக்கா. அன்னைக்குப் போட்ட சத்தம் ஒனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன். ஜீப்புல இருந்த எல்லாரும் சிரிச்சோம். அன்னையில இருந்து அவ மலையப் பாத்தாலே கை வேர்த்துப் போகும். மாடியில துணி காயப் போடப் போனாக்கூட மேற்குப் பக்கம் முதுகக் காட்டிக்கிட்டுத்தான் போடுவா.

எனக்கு அது வெளங்கவே இல்ல. நானெல்லாம் ஒன்னைய வயித்துல வச்சுக்கிட்டே ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனவ. விடியுமுன்ன ஜீப்பு வந்து நிக்கும். நாலு பேரு ஒக்கார்ற எடத்துல பத்துப் பேரத் திணிப்பான். ஒருத்தி மடியில ஒருத்தி, அவ மடியில தூக்குச்சட்டி. ஆம்பளைக பின்னாடி தொத்திக்கிட்டு வருவாக. சடையம்மான்னு ஒருத்தி இருந்தா, வளைவு வர வர ஒவ்வொண்ணுக்கும் ஒரு வசவு வச்சிருப்பா, ரோடு போட்டவனத் திட்டுவா, ஓட்டுறவனத் திட்டுவா, மேல போயி எறங்குனதும் "இன்னைக்கும் சாகல"ன்னு சொல்லிச் சேலையச் சொருகுவா. நாங்க அப்படி ஏறி எறங்குனவக. பயம்னா திட்டித் தீத்துட்டு வேலையப் பாக்குறதுன்னுதான் எனக்குத் தெரியும். அதுக்கு ஒரு டாக்டரு, ஒரு வைத்தியம்னு சொன்னப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நீதான் தேனியில மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா இருக்காக, கூட்டிட்டுப் போன்னு சொன்ன. தைப் பொங்கல் முடிஞ்சதும் போனோம்.

அந்த டாக்டரம்மா நல்லவுக. ஊசி இல்ல, மருந்து இல்ல. பயப்படுறதக் கொஞ்சங் கொஞ்சமாப் பக்கத்துல கொண்டு வர்றதுதான் வைத்தியம்னு சொன்னாக. மொதல்ல போன்ல மலை ரோட்டுப் படத்தப் போட்டுக் காமிச்சாக. பத்துக்கு எம்புட்டுப் பயம்னு மார்க்குப் போடச் சொன்னாக. இவ படத்துக்கே எட்டுப் போட்டா. பெறகு நிக்கிற பஸ்ஸுல சன்னலோரம் ஒக்காரச் சொன்னாக. அப்பறம் வயலு முடிஞ்சு மலை தொடங்குற எடம். அப்பறம் மொத வளைவு. பயம் வந்தா எந்திரிச்சு ஓடக் கூடாது, கண்ண மூடக் கூடாது, அங்கனயே நிக்கணும், பயம் தானா எறங்குற வரைக்கும் நிக்கணும். எறங்குனதும் திரும்பி வந்துறலாம். தொணைக்கு நானும் போகணும். இம்புட்டுத்தானான்னு நெனச்சேன். கூட நின்னு பாத்தாத்தான் தெரியும், அது லேசு இல்ல. நம்ம கூட்டாளி காதரு பாய் ஆட்டோவுலதான் போவோம். அவரு பேச்சுக்கு ஒரு கொறையும் இல்ல. "ஆத்தா, ரோட்டப் பாக்குறது என் பொழப்பு, நீ மலைய மட்டும் பாரு. பெட்ரோலு வெலைக்கே பயப்படாம நான் ஏறுறேன், நீ எதுக்குப் பயப்படுற"ன்னு சொல்லிக்கிட்டே வருவாரு. அவ பல்லக் கடிச்சுக்கிட்டு, "அண்ணே, பேச்சக் கொறச்சு வேகத்தையும் கொறைங்க"ம்பா.

மாசி பொறக்குறதுக்குள்ள அவ மூணாவது வளைவு வரைக்கும் ஏறிட்டாப்பா. ஒனக்குத் தெரியாது. எறங்கி நின்னு, கட்டச் சொவத்தப் புடிச்சுக்கிட்டு, கீழ நம்ம பள்ளத்தாக்கப் பாத்தா. தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தலு, வாய்க்காலு எல்லாம் பாத்தா. "அத்த, நம்ம வீடு எங்கன இருக்கு?"ன்னு கேட்டா. நான் கையக் காட்டுனேன். "எங்க, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துலயா? தீப்பெட்டி மாதிரியில்ல இருக்கு"ன்னு சிரிச்சா. பத்துக்கு எம்புட்டுன்னு கேட்டேன். மூணுன்னா. அடுத்த வாரம் போனப்ப மொத வளைவு, ரெண்டாவது வளைவெல்லாம் அவளுக்கு ஒண்ணுமே இல்ல, வெள்ளரிக்காயத் தின்னுக்கிட்டே வந்தா. நானும் சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள கணக்குப் போட்டேன். இவ இப்படியே ஏறிட்டா ஆனி ஆடிக்குள்ள மேல போயிருவா. ஒங்கய்யா போன பெறகு இந்த வீட்டுல எங்கூடச் சோறு திங்க இருக்குறவ அவ ஒருத்திதான். போயிட்டா நான் யாரு மொகத்தப் பாத்துக் காப்பி குடிப்பேன்னு நெனச்சேன். இத யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப ஒங்கிட்டச் சொல்றேன். அவ ஏறுறது எனக்குச் சந்தோசமாவும் இருந்துச்சு, பிடிக்காமயும் இருந்துச்சு.

அதுக்குள்ள மாசிச் சிவராத்திரி வந்துச்சு. குலசாமி கும்புடுறதுக்கு நம்ம பங்காளி வீடு அம்புட்டும் கூடுற நாளு. போன வருசம் அவளுக்குச் சரியா அன்னைக்குத்தான் வீட்டுக்குத் தூரமாயிருச்சு. மொத வருசத்து மருமக, பொங்கப் பான தூக்க வேண்டியவ, கோயிலுக்கு வெளிய புளிய மரத்தடியில ஒக்காந்திருந்தா. பங்காளி வீட்டுப் பொம்பளைக என்னையத்தான் பாத்தாளுக. "மருமகளுக்கு நாளு பாக்கத் தெரியாதா?"ன்னு ஒருத்தி கேட்டா. இந்த வருசம் நீயும் போன்ல, "இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா வரச் சொல்லும்மா"ன்னு சொன்ன. நீ சொன்னியேன்னு நான் ஒம்மேல பழியப் போடல. நீ சொல்லாட்டியும் நான் அதத்தான் செஞ்சிருப்பேன். மெடிக்கல்ல போயி அந்தத் தள்ளிப்போடுற மாத்திரைய வாங்கிட்டு வந்தேன். அது நம்ம தெருவுல எல்லா வீட்டுலயும் நடக்குறதுதானப்பா. கல்யாணமா, கோயிலா, வீடு குடி போறதா, மெடிக்கலுக்கு ஒருத்தி போவா. டாக்டரு சீட்டும் கேக்க மாட்டாக. கையில வாங்கி மடியில கட்டிக்கிட்டு வந்துருவோம். ஈஸ்வரி, "அத்த, டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோமா?"ன்னா. "ஏத்தா, அவுக மனசுக்குப் பாக்குறவுக. இதையெல்லாம் போயி அவுககிட்டக் கேட்டுக்கிட்டு? அசிங்கமா இல்ல?"ன்னு வஞ்சேன். போட்டுக்கிட்டா.

சிவராத்திரி நல்லாத்தான் நடந்துச்சு. சிவப்புச் சேலை கட்டிக்கிட்டு அவ பான தூக்கி வந்தத நீயே பாத்த. பாத்துட்டு மலையேறிப் போயிட்ட. பெறகு பங்குனியில ஒங்கக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் வீட்டுச் சீரு, மருமக இல்லாம எப்படித் தட்டெடுக்குறது? அதுக்கும் வாங்கிக் குடுத்தேன். சித்திரையில வீரபாண்டித் திருவிழா, நான் அவளுக்காகவே அக்கினிச்சட்டி நேந்திருந்தேன், அவ பயம் போகணும்னு. அதுக்கும் வாங்கிக் குடுத்தேன். ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. அவ பயம் தீரணும்னு ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டு, அந்த நேத்திக்கடனுக்குன்னே மாத்திரையையும் குடுத்தவ நான். இத நெனச்சா எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல.

அந்த மாசங்கள்லதான் எல்லாம் கொழம்புச்சு. மலைக்குப் போறதை நிப்பாட்டல. போவோம். ரெண்டாவது வளைவுல நிப்பா, அழுவா, நடுங்குவா, பெறகு எறங்கும், மூணு நாலுன்னு மார்க்கு வரும், சரின்னு திரும்பி வருவோம். அடுத்த வாரம் போனா, போன வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். திரும்ப எட்டு, திரும்ப ஒம்பது. சேத்து வச்சது அம்புட்டும் எங்கிட்டோ கொட்டிப் போன மாதிரி. டாக்டரம்மாவுக்கே யோசனையாயிருச்சு. "வேற ஏதாவது மாத்திரை மருந்து சாப்புடுறாங்களா?"ன்னு கேட்டாக. ஈஸ்வரி வாயத் தொறந்தா. அவளுக்கு முன்னாடி நான், "ஒண்ணும் இல்லங்கம்மா, தலவலிக்குக்கூட எதும் போட மாட்டா"ன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லலப்பா. அத மருந்துன்னே நான் நெனைக்கல. அப்பறம் கதவுக்கிட்ட ஒரு கம்பவுண்டரு தம்பி நின்னான், அவன் முன்னாடி அந்தப் பேச்ச எடுக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஈஸ்வரி என்னையப் பாத்தா. வாய மூடிக்கிட்டா.

சித்திரை கடைசியில ஒருநா மொத வளைவுலயே ஆட்டோவ விட்டு எறங்க மாட்டேன்னுட்டா. காதரு பாய் ஆட்டோவ ஓரங்கட்டிட்டு, "இருக்கட்டும் ஆத்தா, மெதுவா"ன்னு சொல்லிட்டுத் தள்ளிப் போயி நின்னாரு. எனக்கு வெயிலு, பசி, அக்கினிச்சட்டி எடுத்த அலுப்பு. "மாசியில வெள்ளரிக்கா தின்னுக்கிட்டு வந்தவதான நீ? அன்னைக்கு இல்லாத பயம் இன்னைக்கு எங்கருந்துடி வந்துச்சு? நடிக்காத. ஒனக்கு எம்மகன்கிட்டப் போயி வாழ மனசு இல்லன்னா சொல்லு"ன்னு கத்திட்டேன். சீட்டுக் கம்பியப் புடிச்ச அவ கை வெளுத்துப் போயிருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் ஒனக்குப் போன் போட்டேன். "அவளுக்கு மனசு இல்லப்பா, நான் கூட இருந்து பாத்துட்டேன்"ன்னு சொன்னேன். நீ "சரிம்மா"ன்ன. அந்தச் சரிம்மாதான் இன்னைக்குப் பெரியப்பா வரைக்கும் போயி நிக்குது.

வைகாசியில டாக்டரம்மா என்னைய வெளிய ஒக்கார வச்சுட்டு அவகிட்டத் தனியாப் பேசுனாக. பெறகு என்னையும் கூப்புட்டாக. "அம்மா, இவங்க தூரத்தத் தள்ளிப்போட மாத்திரை போட்டது ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாக. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள ஈஸ்வரி, "அத்தைக்குத் தெரியாது டாக்டர். நாந்தான் வாங்கிப் போட்டேன்"னு சொல்லிட்டா. யப்பா, நான் அப்ப என்ன செஞ்சேன்னு கேளு. பேசாம ஒக்காந்திருந்தேன். "ஆமாங்கம்மா"ன்னுகூடச் சொல்லல, "இல்லங்கம்மா"ன்னும் சொல்லல. மேல சுத்துற பேனையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

டாக்டரம்மா வையல. பொறுமையாச் சொன்னாக. "பயம் போறதுன்னா பழைய பயத்த அழிக்கிறது இல்லம்மா. அது அங்கயே இருக்கும். அதுக்குப் பக்கத்துல 'இங்க நின்னாலும் ஒண்ணும் ஆகல'ன்னு மனசு புதுசா ஒண்ணு படிக்கணும். படிச்சது தங்கணும். பொம்பளைங்க ஒடம்புல மாசத்துக்குள்ளயே ஹார்மோன் ஏறும், எறங்கும். ஈஸ்ட்ரோஜன்னு ஒண்ணு இருக்கு. அது கொறைஞ்சிருக்குற நாள்ல படிச்சது அவ்வளவா மனசுல தங்காம போகலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இந்த மாதிரி ஹார்மோன் மாத்திரை போட்டாலும் அப்படி ஆகலாமோன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. இன்னும் முடிவா யாரும் சொல்லல. எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஒண்ணுபோலவும் இருக்காது. இவங்களுக்கு இதனாலதான் ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. மாத்திரை கெட்டதுன்னும் சொல்லல. எங்கிட்டச் சொல்லியிருந்தா நாளு பாத்து மலைக்கு அனுப்பியிருப்பேன். அவ்வளவுதான்." இதச் சொல்லிட்டு ஈஸ்வரியப் பாத்து, "ஒங்க முயற்சியில கொறையே இல்லம்மா. அத மட்டும் மனசுல வச்சுக்கங்க"ன்னு சொன்னாக. அவ அங்கனதான் அழுதா. மலையில அழுத அழுகை இல்ல அது.

எனக்குப் படிப்புச் சொல்லு வெளங்காது, வயலு வெளங்கும். நாத்து நல்ல நாத்து, நட்ட கையும் நல்ல கைதான். நட்ட வாரம் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி மொறை இல்லன்னா அது வேரு புடிக்காமச் சாஞ்சு கெடக்கும். அதப் பாத்துட்டு நட்டவள நடிக்கிறான்னு சொல்லுவோமா? நான் சொன்னேன். அதுலயும் மடைய அடச்சது நானா இருக்கலாம். இருக்கலாம்னுதான் டாக்டரம்மா சொன்னாக. அந்த 'லாம்'ல புகுந்து தப்பிச்சுக்கிறலாம்னு நானும் ரொம்ப நாளு பாத்தேன். மாத்திரையாலயோ, வெயிலாலயோ, அவ நேரமோன்னு எனக்குள்ளயே பேசிக்கிட்டேன். ஆனா வாயத் தொறந்தவள முந்திக்கிட்டு இல்லன்னு சொன்னது நான். அதுல ஒரு 'லாமு'ம் கெடையாது. நடிக்கிறான்னு சொன்னதுலயும் கெடையாது.

ஒங்கய்யா கதை ஒண்ணு சொல்றேன், குறுக்க போறேன்னு கோவிச்சுக்காத. ஒங்கய்யா எப்பேர்ப்பட்ட ஆளு, மாட்டக் கொம்பப் புடிச்சு நிப்பாட்டுவாரு. ஊசின்னா ஓடிருவாரு. ஒருதரம் கால்ல ஆணி ஏறி, உத்தமபாளையம் ஆசுபத்திரியில நர்சு ஊசியோட வர, இவரு கட்டுப்போட்ட காலோட சன்னல் வழியா எறங்கி வாழைக்கா லாரியில ஏறிட்டாரு. கூடலூருல போயித்தான் புடிச்சோம். ஊரே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு. ஆனா ஒருத்தராச்சும் அவரப் பாத்து ஒனக்குக் குடும்பம் நடத்த மனசு இல்லன்னு சொன்னாகளா? ஆம்பள பயந்தா அது கதை. காலம் பூராச் சொல்லிச் சிரிக்கலாம். பொம்பள பயந்தா அது கள்ளத்தனம். நானும் ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு அப்படித்தான் பாத்திருக்கேன். நீயாச்சும் அப்படிப் பாக்காத. ஒம்பொண்டாட்டி ஒடம்புல மாசா மாசம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க. கேளு. கேக்குறது அசிங்கம் இல்ல. கேக்காம விட்டதுலதான் இம்புட்டும் ஆச்சு.

வைகாசியிலயே நான் ஒனக்கு இதச் சொல்லியிருக்கணும். சொல்லல. இன்னைக்குச் சொல்றேன் நாளைக்குச் சொல்றேன்னு இருந்தேன். அதுக்குள்ள ஆனியில நீ போன்ல அவகிட்டச் சண்ட போட்ட. அவ எதுத்து ஒரு வார்த்த பேசாமப் பைய எடுத்துக்கிட்டு ஆண்டிபட்டிக்குப் போனா. நான் பஸ் ஏத்தி விட்டேன். தெருவுல கேட்டவளுககிட்ட ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். "ரெண்டாம் ஆடிக்கு எவடி போறா?"ன்னு ஒருத்தி சிரிச்சா. நீ தீத்து விடப் போறேன்னு சொன்ன பெறகுதான் எனக்கு ஒறச்சுச்சு. நேத்து ஆண்டிபட்டிக்குப் போயிட்டு வந்தேன்.

நான் போனப்ப அவுக அய்யா தறியில இருந்தாக, தறிச் சத்தத்துல நான் வந்தது யாருக்கும் கேக்கல. ஈஸ்வரிதான் எட்டிப் பாத்தா. "வாங்கத்த. ஆட்டுக்குட்டிய யாருகிட்ட விட்டுட்டு வந்தீக?"ன்னா. அம்புட்டு நடந்த பெறகும் மொதக் கேள்வி ஆட்டுக்குட்டி. எனக்குப் பொறுக்கல. "ஏன்த்தா அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட நீயே வாங்குனேன்னு சொன்ன?"ன்னு கேட்டேன்.

"பெறகு? மாமியா வாங்கிக் குடுத்தாகன்னா ஒங்கள அங்கனயே நிக்க வச்சுப் பாடம் எடுத்திருப்பாக. வெளிய அம்புட்டுப் பேரு ஒக்காந்திருந்தாக."

"அது போகட்டும். எம்மகன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு மாமியா மேல பழியப் போடுறான்னு ஆயிரும். நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்"ன்னா. கொஞ்ச நேரம் சேலை நுனியத் திருகிக்கிட்டு இருந்தா. "பாத்துக்கிட்டே இருந்தேன் அத்த."

நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன். உருவிக்கிறல. ஆனா திருப்பிப் புடிக்கவும் இல்ல. மன்னிச்சுருன்னு கேட்டேன். "காப்பி குடிங்க, ஆறுது"ன்னு சொன்னா. மன்னிச்சேன்னு சொல்லல, நீயும் அப்படி நெனச்சுக்கிறாத. அவ டாக்டரம்மாகிட்டப் போறத விடலையாம். அங்கன இருந்தே தனியா பஸ் ஏறித் தேனிக்குப் போயிருக்கா. இப்ப மாத்திரை எதும் இல்ல, அவ நாளெல்லாம் பாத்து, எந்த வாரம் மலைக்குப் போகலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. அடுத்த வாரமாம். "யாரு தொணைக்கு வருவா?"ன்னு கேட்டேன். "நீங்க வேணாம் அத்த"ன்னா. சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா நியாயம்தான். "ஒங்க மகன் வந்தா வரட்டும். மலைக்கு வந்துருவேன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஏறிப் பாக்குறேன்னு மட்டும் சொல்லுங்க"ன்னா.

அதனால ஞாயித்துக்கெழம நீ வா. பெரியப்பா வேணாம், நீ மட்டும் வா. அவ போட்ட மார்க்க நம்பு. ஒம்பதுன்னா ஒம்பதுதான். சிரிக்காத. ரெண்டாவது வளைவோட திரும்பிட்டாலும் வாயத் தொறக்காம கூட நில்லு. அவ ஏறாமலே போனாலும், கீழ வந்து பொழைக்க ஒனக்கு வழி இல்லையா என்னன்னு ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுங்க. அதுக்குப் பெரியவுக வேணாம். அவ ஏறி அங்க வந்துட்டா, நான் தனியாக் கெடக்கேன்னு எதாச்சும் சாக்குச் சொல்லிக் கூப்புடுவேன். என்னைய எனக்குத் தெரியும். அனுப்பாத. அடுத்த சிவராத்திரிக்கு அவளுக்குத் தூரமாச்சுன்னா ஆகட்டும், புளிய மரத்தடியில அவகூட நானும் ஒக்காந்துக்கிறேன். நம்ம சாமி என்னையக் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. ஒங்கிட்ட மட்டும்தான் அவளுக்கு மனசு இல்லன்னு சொன்னேன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. நம்ம பங்காளிக அம்புட்டுப் பேரும் இருக்குற குடும்பக் குரூப்புலயும் நான் பேசி அனுப்பியிருக்கேன். மேல இருந்துக்கிட்டு நீ கவனிச்சிருக்க மாட்ட. பெரியப்பாவுக்கு அங்கன இருந்துதான் கோவம் ஏறுச்சு. அதனால இதையும் ஒனக்குத் தனியா அனுப்பப் போறதில்ல. அங்கனதான் போடப் போறேன். ஈஸ்வரிகிட்ட நேத்தே கேட்டுட்டேன். "ஒங்க பங்காளி வீட்டு ஆம்பளைக எல்லாம் இருக்காகளே அத்த. தூரம், மாத்திரைன்னு வெளிப்படையாச் சொல்லுவீகளாக்கும்?"ன்னா. சொல்லுவேன்னேன். மொத தடவையா என்னைய நேராப் பாத்தா. "சொல்லுங்க. படிக்கும்போது அந்தப் பெரிய மாமா மொகத்த மட்டும் யாரையாச்சும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க"ன்னா.

ஒரு கம்பவுண்டரு தம்பி முன்னாடி சொல்ல வெக்கப்பட்டவ நான். இப்ப கூட்டத்துக்கே சொல்லிட்டேன். அனுப்புனதும் பெரியப்பாதான் மொதல்ல போன் பண்ணுவாக, வைவாக. எடுத்துக் கேட்டுக்கிறேன். ஒங்கக்கா பண்ணுவா, அழுவா. அதையும் கேட்டுக்கிறேன். நீ எனக்குப் பண்ணாத. அவளுக்குப் பண்ணு.